வயரைக் குத்தினால் நெட் போகிறது: லினக்ஸில் இரண்டு இணைப்பும் ஒன்றாக ஓடுவது எப்படி

மல்லாவியில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு மேசைக் கணினி, பக்கத்தில் பெரிய கொப்பி மெசின், சுவரில் கமராப் பெட்டி. மெசினும் கமராப் பெட்டியும் வயரில் இருக்கின்றன. இன்டர்நெட் மட்டும் யன்னலோரம் வைத்த 4ஜி ரவுட்டரில் இருந்து வைஃபையில் வருகிறது. ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பை இறக்க வேண்டுமென்றால் அண்ணை மேசைக்குக் கீழே குனிந்து வயரைக் கழற்றுவார். இறக்கி முடிந்ததும் திரும்பக் குனிந்து வயரைக் குத்தி அச்சடிப்பார். அடுத்த ஆள் வந்தால் மறுபடியும் குனிய வேண்டும். பாடசாலை விண்ணப்பக் காலத்தில் வாசல் வரைக்கும் ஆட்கள் நிற்கும்போதும் இதையேதான் செய்துகொண்டிருந்தார், நான் போய்ப் பார்க்கும்வரை.

"தம்பி, வயரைக் குத்தினா நெட் போகுது, கழட்டினா பிரிண்ட் வருகுதில்லை. லினக்ஸில ரெண்டில ஒண்டுதானோ?" என்று கேட்டார்.

இல்லவே இல்லை. லினக்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும், மூன்று நான்கு என்றாலும் வைத்திருக்கும். அவருடைய கணினியிலும் இரண்டும் உயிரோடுதான் இருந்தன. பிழை வேறு இடத்தில். எந்தப் பொதி (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டு) எந்த வழியால் போக வேண்டும் என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் அது தன் வழக்கப்படி ஒரு வழியைப் பிடித்தது, அந்த வழி போய் ஒரு சுவரில் முட்டியது. இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் கடை, வீடு, வகுப்பறை எங்கே வந்தாலும் நீங்களே தீர்க்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வயரைக் குத்திவிட்டு டெர்மினலைத் திறந்து ஐபி ரூட் என்று அடித்தேன். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) நான்கு வரி வந்தது. முதல் வரியில் டிஃபோல்ட், வியா 192.168.1.1, வயர் அட்டையின் பெயர், மெட்ரிக் (முன்னுரிமை இலக்கம்) 100. இரண்டாம் வரியில் டிஃபோல்ட், வியா 192.168.8.1, வைஃபை அட்டையின் பெயர், மெட்ரிக் 600. கீழே உள்ள இரண்டு வரிகளில் 192.168.1.0/24 என்ற வீச்சு (192.168.1 என்று தொடங்கும் இலக்கங்கள்) வயருக்கும், 192.168.8.0/24 என்ற வீச்சு வைஃபைக்கும் எழுதப்பட்டிருந்தது. அட்டைகளின் பெயர் முதலில் குழப்பும். ஈ-என் என்று தொடங்கினால் வயர், டபிள்யூ-எல் என்று தொடங்கினால் வைஃபை, அவ்வளவுதான். 2013இல் சிஸ்டம்டி என்ற லினக்ஸ் மென்பொருளின் 197ஆம் பதிப்பு கொண்டுவந்த முறை அது, பின்னால் வரும் எழுத்தும் இலக்கமும் அட்டை எந்தத் துளையில் இருக்கிறது என்பதைச் சொல்பவை.

இந்த நான்கு வரிதான் பாதை அட்டவணை. கணினியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பொதிக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இதைப் பார்த்துத்தான் வழி சொல்கிறது.

மாங்குளம் சந்தியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுசுட்டானுக்கோ முல்லைத்தீவுக்கோ என்றால் கிழக்கே திரும்ப வேண்டும். மல்லாவி, துணுக்காய் என்றால் மேற்கே. இவை பெயர் சொல்லி எழுதிய பாதைகள். கொழும்புக்கோ கண்டிக்கோ காலிக்கோ போகிறவருக்கு அந்தச் சந்தியில் தனித்தனிப் பலகை கிடையாது, எல்லோரும் ஏ9இல் தெற்கே பிடிக்க வேண்டியதுதான். டிஃபோல்ட் என்ற வரி அந்த ஏ9. வேறு எந்த வரியிலும் பெயர் இல்லாத பொதி எல்லாம் அந்த வழியால் போகும். கர்னல் முதலில் பார்ப்பது மெட்ரிக்கை இல்லை, எந்த வரி அந்த முகவரிக்கு மிகக் குறுகலாகப் பொருந்துகிறது என்பதைத்தான். 192.168.1.50இல் இருக்கும் கொப்பி மெசினுக்கு ஒரு பொதி போக வேண்டுமென்றால் 192.168.1.0/24 என்ற வரி அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, வயரால் போகும். வாட்ஸ்அப் சேர்வரின் முகவரிக்கு அப்படித் தனி வரி இல்லை, ஆகவே டிஃபோல்ட். டிஃபோல்ட் இரண்டு இருந்தால் மெட்ரிக் குறைந்தது வெல்லும். 100க்கும் 600க்கும் போட்டி என்றால் வயர்தான்.

இந்த 100உம் 600உம் எங்கே இருந்து வந்தன? நெட்வேர்க் மானேஜர் என்ற மென்பொருள் தானே போடுகிற இலக்கங்கள். வயருக்கு 100, வைஃபைக்கு 600, சிம் போட்ட மோடத்துக்கு 700. வயர் என்றால் வேகமாகவும் செலவு குறைவாகவும் இருக்கும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. அலுவலகங்களில் அது சரியான அனுமானம். நம்முடைய ஊர்களில் பல இடத்தில் நிலைமை தலைகீழ், வயர் என்பது பிரிண்டருக்கும் கமராவுக்கும், இன்டர்நெட் என்பது காற்றில். வேகத்தை அளந்து பார்த்து எந்த இலக்கமும் போடப்படுவதில்லை என்பதை மனதில் வைத்திருங்கள், பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சரி, இன்டர்நெட்டே இல்லாத வயருக்கு டிஃபோல்ட் வரி எப்படி வந்தது? கடையில் முன்பு தொலைபேசி வயரில் ஒரு இணைப்பு இருந்து, பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய ரவுட்டர் மிஞ்சியது. பின்னால் நான்கு துளை இருக்கிறதே என்று அதைச் சுவிட்ச் போலப் பயன்படுத்தி, மெசினையும் கமராப் பெட்டியையும் கணினியையும் அதில் குத்தியிருந்தார்கள். வெளி வயர் இல்லாவிட்டாலும் அந்த ரவுட்டர் தன் வேலையை விடவில்லை. யார் வந்து குத்தினாலும் டிஎச்சிபி மூலம் ஒரு ஐபி இலக்கத்தைக் கொடுத்து, "வெளியே போகும் வாசல் நான்தான், பெயர்களைத் தேடவும் என்னிடமே வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கணினி அதை நம்பியது. வன்னியில் நான் பார்த்த இந்த வகைக் கோளாறுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு பழைய ரவுட்டர்தான் காரணம், கணினியை எவ்வளவு நோண்டினாலும் விளங்காது, மேசைக்குக் கீழே குனிந்து வயர் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

இதற்கு நெட்வேர்க் மானேஜரில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. குறித்த ஒரு முகவரியை அவ்வப்போது தொட்டுப் பார்த்து, பதில் வராத இணைப்பின் டிஃபோல்ட் மெட்ரிக்கில் 20000ஐக் கூட்டிவிடும். 100 என்பது 20100 ஆனதும் 600 வென்றுவிடும். உங்கள் அட்டவணையில் 20100, 20600 என்று பெரிய இலக்கத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம், "இந்த வழியில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டேன்" என்பதுதான் அதன் பொருள். டெபியனில் இந்தச் சோதனைக்கான அமைப்புத் தனி மென்பொருள் தொகுப்பாக இருக்கிறது, அண்ணையின் கணினியில் அது போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் அதை மட்டும் நம்பி விட்டிருக்க மாட்டேன், பிரிண்டருக்கு மட்டும் என்று உள்ள வயரில் டிஃபோல்ட் வரியே இருக்கக் கூடாது.

அதைத் தூக்குவதுதான் மருந்து. நெட்வேர்க் அமைப்பில் வயர் இணைப்பைத் திறந்தால் ஐபிவி4 பக்கத்தின் அடியில், இந்த இணைப்பை அதன் வலையமைப்பில் உள்ளவற்றுக்கு மட்டும் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு சிறு பெட்டி இருக்கும். சிலவற்றில் ரூட்ஸ் என்ற பொத்தானை அமர்த்திய பிறகுதான் தெரியும். அதில் சரி அடையாளம் போடுங்கள். டெர்மினல் பிடித்தவர்கள் என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மொடிஃபை என்று அடித்து, இணைப்பின் பெயரைக் கொடுத்து, ஐபிவி4 புள்ளி நெவர் டிஃபோல்ட் (நடுவில் சிறு கோடு) என்பதற்கு யெஸ் கொடுத்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான். அதோடு அந்த இணைப்பில் தானாக வரும் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயருக்கு ஐபி இலக்கம் தேடித் தரும் சேர்வரை) ஏற்காதே என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வழி சரியாகி, பெயர் தேடுவது மட்டும் பழைய ரவுட்டரிடம் போய்க் காத்து நிற்கலாம். இணைப்பை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். ஐபிவி6 பக்கத்திலும் இதே அடையாளத்தைப் போட மறக்க வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை.

முடிந்ததா என்று பார்க்க ஐபி ரூட் கெட் என்று அடித்து ஒரு முகவரியைக் கொடுங்கள். வெளியே இன்டர்நெட்டில் உள்ள 8.8.8.8 கொடுத்தபோது வைஃபை அட்டையின் பெயர் வந்தது, 192.168.1.50 கொடுத்தபோது வயர் அட்டையின் பெயர் வந்தது. பிறகு ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை இறக்கி, எதையும் கழற்றாமல் நேரே அச்சடித்தோம். அண்ணை பழக்கதோஷத்தில் பாதி குனிந்துவிட்டார், மெசின் தாளை இழுக்கும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

டிஎச்சிபியே வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. வயர் இணைப்புக்குக் கையால் ஒரு ஐபி இலக்கம் கொடுத்து, கேட்வே என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். கேட்வே இல்லாவிட்டால் டிஃபோல்ட் வரியும் இல்லை. ரவுட்டர் இல்லாமல் வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள இடத்துக்கு இதுதான் பொருந்தும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அண்ணையின் வைஃபை 192.168.8, வயர் 192.168.1. இரண்டும் வேறாக இருந்ததால் தப்பினோம். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே பயன்படுத்த என 1990களிலேயே ஒதுக்கப்பட்டவை, அதில் 256 வீச்சு இருக்கிறது, ஆனால் ரவுட்டர் செய்கிறவர்களில் பலர் 0ஐ அல்லது 1ஐயே போட்டு அனுப்புகிறார்கள். ஆகவே இரண்டு பக்கமும் 192.168.1 ஆக அமைவது சாதாரணமாக நடக்கும். அப்போது அட்டவணையில் ஒரே வீச்சுக்கு இரண்டு வரி, மெட்ரிக் குறைந்த வயர் வெல்லும், வைஃபைப் பக்கம் உள்ள ரவுட்டரையே நீங்கள் தொட முடியாமல் போகும். டிஎன்எஸ் அந்த ரவுட்டரிடம் என்றால் கேள்விகள் வயருக்குள் போய்த் தொலையும், 8.8.8.8 பிங்குக்குப் பதில் தரும், எந்தத் தளமும் திறக்காது. இந்தக் கோலத்தைக் கண்டால் நேரத்தை வீணாக்காமல் ஒரு பக்கத்து இலக்கத்தை மாற்றுங்கள், 192.168.50 என்று ஏதாவது. பிரிண்டர் பக்கத்தை மாற்றுவது பொதுவாக எளிது.

ஒரே ரவுட்டருக்கு வயரும் போட்டு அதன் வைஃபையிலும் சேர்கிறவர்களும் இருக்கிறார்கள், வேகம் கூடும் என்று. கூடாது. வெளியே போகும் குழாய் ஒன்றுதான். அதோடு லினக்ஸ் தன் ஐபி இலக்கங்களை அட்டைக்குச் சொந்தமாகப் பார்ப்பதில்லை, முழுக் கணினிக்கும் சொந்தமாகப் பார்க்கிறது, அதனால் வைஃபையின் இலக்கத்தைத் தேடி வரும் ஏஆர்பி கேள்விக்கு (இந்த இலக்கம் யாருடையது என்ற கேள்விக்கு) வயர் அட்டையும் பதில் சொல்லக்கூடும். கணினியை சேர்வராக வைத்திருப்பவர்களை இது பாடாய்ப்படுத்தும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எழும்பும்போது இணைப்பு அறக் கூடாது என்பதுதான் நோக்கம் என்றால் பொண்டிங் என்ற முறை உண்டு, இரண்டு அட்டையையும் ஒரே இலக்கத்தின் கீழ் கட்டி, வயர் இருந்தால் வயர், இல்லாவிட்டால் வைஃபை என்று வைக்கலாம்.

இனி, இரண்டு வழியிலும் உண்மையாகவே இன்டர்நெட் உள்ளவர்களின் கதை. கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளைகள் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள், அறையில் ஃபைபர் இருக்கிறது, கையில் போன் டேட்டாவும் இருக்கிறது, ஒன்று போனால் மற்றது தானாக எடுக்குமா? எடுக்கும், ஆனால் எது எப்படிப் போனது என்பதில் தங்கியிருக்கிறது. வயர் கழன்றாலோ கரண்ட் நின்று ரவுட்டர் அணைந்தாலோ கணினிக்கு உடனே தெரியும், அந்த வரியை எடுத்துவிடும், 600 தானாக மேலே வந்துவிடும். மாரி மழையில் மரம் விழுந்து வெளிவயர் அறுந்தால் கதை வேறு. ரவுட்டரின் விளக்கு எரிந்துகொண்டு நிற்கும், உங்கள் வயருக்கும் ரவுட்டருக்கும் இடையில் எல்லாம் நன்றாக இருக்கும், ஆகவே கணினி அந்த வழியையே பிடித்துக்கொண்டு நிற்கும். முன்பு சொன்ன 20000 சோதனை இருந்தால் அது காப்பாற்றும், ஆனால் வழக்கமாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கும், ஐந்து நிமிடம் வரை நீங்கள் தவிக்கலாம். பரீட்சை ஒன்றை ஒன்லைனில் எழுதுகிறவருக்கு ஐந்து நிமிடம் சின்ன விசயம் இல்லை, அந்த அமைப்பில் இடைவெளியை 30 என்று குறைத்து வையுங்கள், அல்லது வயரைக் கையால் கழற்றுங்கள்.

இன்னொன்று, வழி மாறும்போது உங்கள் ஐபி இலக்கமும் மாறுகிறது. அந்த நேரம் திறந்திருந்த இணைப்புகள் பழைய இலக்கத்தில் தொடங்கியவை, அவை அறும். வீடியோ வகுப்பு என்றால் சில விநாடியில் தானே மறுபடி சேர்ந்துவிடும். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தால் திரும்பத் தொடங்க வேண்டி வரலாம்.

போன் டேட்டாவைக் காவல் வைத்திருப்பவர்கள் அந்த வைஃபை இணைப்பை அளவு மட்டானது என்று குறித்து வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஹொட்ஸ்பொட் என்றால் நெட்வேர்க் மானேஜர் பெரும்பாலும் தானே கண்டுபிடிக்கும், போன் டிஎச்சிபியோடு சேர்த்து ஒரு குறிப்பை அனுப்புகிறது. 4ஜி ரவுட்டர்கள் அப்படி அனுப்பும் என்று நம்ப வேண்டாம், கையால் குறியுங்கள். இல்லாவிட்டால் ஃபைபர் போன இரவில் மென்பொருள் புதுப்பிப்பு முழுவதும் போனுக்குள்ளால் இறங்கி, காலையில் டேட்டா முடிந்த செய்திதான் வரும்.

அடுத்த கேள்வி எப்போதும் வரும். ஃபைபரின் வேகம் 20, போனின் வேகம் 15, இரண்டையும் சேர்த்தால் 35 வருமா? இரணைமடுக் குளத்துக்கு இடதுகரை வாய்க்கால் ஒன்று, வலதுகரை வாய்க்கால் ஒன்று. இரண்டும் ஓடும்போது மொத்தமாக அதிக வயல் பாய்கிறது. ஆனால் இடதுகரையில் உள்ள ஒரு வயலுக்கு வலதுகரைத் தண்ணீர் வராது. லினக்ஸும் அப்படித்தான். ஒரே டிஃபோல்ட் வரிக்குள் இரண்டு வாசலை நெக்ஸ்ட்ஹொப் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுக்கலாம், ஃபைபருக்கு 4, போனுக்கு 3 என்று. கர்னல் இணைப்புகளைப் பிரித்து அனுப்பும், பொதிகளைப் பிரித்து அனுப்பாது. ஒரு கோப்பு ஒரு வழியால்தான் வரும். பத்துப் பேர் பாவிக்கும் இடத்தில் இது நல்ல பலன் தரும், தனி ஆள் ஒரு படத்தை இறக்கும்போது ஒரு மாற்றமும் தெரியாது.

எந்த இணைப்பு எந்த வழி என்பதைக் கர்னல் 4.4 முதல் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை வைத்துக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கிறது, ஆகவே ஒரு தளத்தின் ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே வழி. இது நல்லது, வங்கித் தளத்துக்குள் பாதி ஃபைபர் இலக்கத்தோடும் பாதி போன் இலக்கத்தோடும் போனால் பல வங்கிகள் வெளியே தள்ளிவிடும். 4.12 முதல் துறை (போர்ட்) இலக்கத்தையும் கணக்கில் சேர்க்கும் தெரிவு இருக்கிறது. வங்கி வேலை செய்கிற கணினியில் அதைத் தொட மாட்டேன்.

ஒரே இணைப்பை உண்மையிலேயே இரண்டு வழியிலும் பிரிப்பதற்கு எம்பிடிசிபி, அதாவது பல்வழி டிசிபி, என்ற நெறிமுறை இருக்கிறது. ஆப்பிள் 2013இலேயே ஐஓஎஸ் 7இல் சிரிக்காக அதைப் பயன்படுத்தியது. லினக்ஸின் மூலக் கர்னலுக்குள் 2020இல் 5.6 பதிப்போடு வந்தது. இரண்டு முனையும் அதைப் பேச வேண்டும் என்பதுதான் தடை, உங்கள் லப்டொப் பேசும், நீங்கள் போகும் தளங்களில் பெரும்பாலானவை பேசாது. வெளிநாட்டில் ஒரு சிறு சேர்வரை வாடகைக்கு எடுத்து இடையில் வைத்துச் செய்கிறவர்கள் உண்டு, அது தனிக் கட்டுரை.

வெளியில் இருந்து உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கமராவைப் பார்க்கவோ வீட்டுக் கணினிக்குள் நுழையவோ ஒருவர் போன் வழியால் வருகிறார் என்றால், பதில் டிஃபோல்ட் வழியான ஃபைபரால் போகப் பார்க்கும், வந்த வாசல் வேறு போகும் வாசல் வேறு என்று ஆகி இடையில் உள்ளவர்கள் அதை எறிந்துவிடுவார்கள். ஐபி ரூல் என்ற கட்டளை இதற்காகவே 1999இல் 2.2 கர்னலோடு வந்தது: இந்த இலக்கத்தில் இருந்து புறப்படும் பொதிக்கு இந்தத் தனி அட்டவணையைப் பார் என்று எழுதிவிடலாம்.

கடைசியாக, நம்முடைய இடங்களுக்கு அதிகம் உதவுவது என்று நான் நினைக்கும் ஒன்று. புதுக்குடியிருப்பில் ஒரு மாலை வகுப்பில் ஆறு பழைய மேசைக் கணினிகள், ஒன்றிலும் வைஃபை இல்லை. ஆசிரியையின் லப்டொப்பில் மட்டும் போன் ஹொட்ஸ்பொட். அறைக்கு இணைப்பு எடுக்கக் காசு இல்லை என்று பிள்ளைகளை லப்டொப்பைச் சுற்றி நிற்க வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தார். லப்டொப்பில் வயர் இணைப்பைத் திறந்து, ஐபிவி4 முறையை மற்றக் கணினிகளுடன் பகிர் என்பதற்கு மாற்றி, அந்த வயரை ஒரு சாதாரணச் சுவிட்சில் குத்தினோம். லப்டொப் தனக்கு 10.42.0.1 என்று எடுத்துக்கொண்டு, சுவிட்சில் உள்ள ஆறுக்கும் 10.42.0 வீச்சில் இலக்கம் கொடுத்து, வைஃபையால் வந்ததை வயரால் விட்டது. வைஃபை உள்ளே வரும் வழி, வயர் வெளியே விடும் வழி, இரண்டும் ஒரே நேரத்தில். டெபியனில் இதற்கு டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள் தொகுப்பு வேண்டும், இல்லாவிட்டால் பகிர் என்று போட்டாலும் இணைப்பு எழும்பாது, எங்களுக்கும் முதல் தடவை எழும்பவில்லை. டேட்டா கொஞ்சம் என்பதால் வீடியோ வேண்டாம் என்று ஆசிரியை பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு திரை இருக்கிறது.